அறுபதைத் தாண்டிய பெண்ணின் மார்பில் புதிதாக ஒரு ‘தண்ணிக்கட்டி’: கடலூர், புதுச்சேரி சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், புதுச்சேரி சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், இரு பகுதிகளிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்கள், ஸ்கேன் மையத்தார், பரிசோதனைக்கூடத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து ஆண்டு ஆன ஒரு பெண்ணுக்கு மார்பில் புதிதாகக் கட்டி வருகிறது. உருண்டையாக, வழவழப்பாக இருக்கிறது, விரலுக்கு அடியில் நகர்கிறது, வலி இல்லை. ஊசி போட்டு இழுத்தால் பழுப்பு நிறத்தில் நீர் வருகிறது, கட்டி வற்றிப்போகிறது. “தண்ணிக்கட்டிதாம்மா, ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இழுத்த நீர் குப்பைக் கூடைக்குப் போகிறது. சில மாதங்களில் அதே இடத்தில் கட்டி திரும்ப நிரம்புகிறது, திரும்ப ஊசி. இந்தச் சுழற்சியை நம் இரு பகுதிகளிலும் நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

இப்படி நிரம்பி வரும் கட்டிகளுக்குள் ஒளிந்திருக்கக்கூடிய அரிய புற்றுநோய் ஒன்று உண்டு. என்காப்சுலேட்டட் பாப்பில்லரி கார்சினோமா என்பது அதன் பெயர். மார்பகப் புற்றுநோய்கள் அனைத்திலும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இது வராது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். சராசரி வயது எழுபதை ஒட்டி இருக்கும். விரிந்த பால்நாளம் ஒன்றுக்குள் நார்ச்சுற்றுறை கட்டிக்கொண்டு, அதற்குள் காம்பும் கொத்துமாகச் செல்கள் வளரும். காம்புகள் மெல்லியவை, உள்ளே ரத்த நாளம் ஓடுகிறவை. எளிதில் கசியும். நீரில் ரத்தம் கலப்பது அதனால்தான். இதற்கு நெருங்கிய உறவு சாலிட் பாப்பில்லரி கார்சினோமா. அதுவும் எழுபது, எண்பது வயதுக்காரர்களைத் தேடி வருவது. மூன்றாவது, மியூசினஸ் கார்சினோமா; சளிபோன்ற கூழுக்கு நடுவே செல்கள் மிதக்கும் வகை. மூன்றுமே தொட்டாலும் ஸ்கேனில் பார்த்தாலும் சாதுவான கட்டியாகத் தோற்றம் காட்டுபவை. மூன்றுமே மெதுவாக வளர்பவை. உரிய காலத்தில் சரியாகப் பெயர் சொல்லிவிட்டால் மிக நன்றாகக் குணமாகிறவையும்கூட. அதனால்தான் இவற்றைத் தவறவிடுவது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

வயதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண நீர்க்கட்டியும், இளம் பெண்களுக்கு வரும் தீங்கற்ற கட்டியான ஃபைப்ரோஅடினோமாவும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பை நம்பி வாழ்பவை. மாதவிடாய் நின்றபின் அவை சுருங்கும், சில சுண்ணாம்பேறிக் கெட்டியாகும். புதிதாக முளைப்பது அரிது. ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. நம் ஊர்களில் அறுபது தாண்டி அதை எடுப்பவர்கள் எத்தனை பேர்? ஆகவே, 35 வயதில் “நீர்க்கட்டி” என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய அதே கட்டியை 65 வயதில் அப்படிச் சொல்வதற்கு இடமில்லை. முன்பு இல்லாத ‘ஃபைப்ரோஅடினோமா’ என்று முதியவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்தால், அந்தச் சொல்லை ஏற்குமுன் சதைப் பரிசோதனை (பயாப்சி) வேண்டும்.

இங்கேதான் அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மார்பகப் பரிசோதனை 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 65-ஐத் தாண்டியவர் பட்டியலிலேயே வரமாட்டார். எந்த வயதில் இந்த நோய் வருகிறதோ அந்த வயதில் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். எண்பது வயதுக்காரர்களைக் கூட்டமாக நிறுத்தி மேமோகிராம் எடுக்கச் சொல்லவில்லை. கேட்பது சிறியது: அறிகுறியோடு வருகிறவரை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது, ஏற்கெனவே நாம் போகும் வீடுகளில் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போகிறார்கள். புதுச்சேரியில் ஆஷா பணியாளர்களும் துணைச் செவிலியர்களான ஏ.என்.எம்.களும் போகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காட்டு ஊர்களானாலும், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மீனவக் குப்பங்களானாலும், பாகூர், நெட்டப்பாக்கம் வயற்காட்டு ஊர்களானாலும், அந்த வயதுப் பெண்ணை வீட்டிலேயே சந்திப்பவர்கள் இவர்கள்தான். முதல் கேள்வி: “ஆயா, மார்ல எங்கயாவது கட்டி தட்டுப்படுதா?” இரண்டாவது: “ஜாக்கெட் உள்பக்கம் கறை படுதா?” இரண்டாவதை இப்படியே கேளுங்கள். “காம்பிலிருந்து நீர் வடிகிறதா” என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். வடிவதை அவர்கள் பார்ப்பதில்லை. துணி துவைக்கும்போது காசளவு பழுப்புக் கறையைப் பார்த்திருப்பார்கள், துரு என்றோ வெற்றிலைச் சாறு என்றோ நினைத்துத் தேய்த்திருப்பார்கள். அழுத்தாமலே, ஒரு பக்க மார்பில் மட்டும், ஒரே துளையிலிருந்து ரத்தமோ பழுப்பு நீரோ வந்தால் அவரை அந்த வாரமே மேலே அனுப்ப வேண்டும். இப்படி வடிவதற்குப் பெரும்பாலும் காரணம் பாப்பிலோமா என்னும் தீங்கற்ற வளர்ச்சி. ஆனாலும் வயது ஏற ஏறப் புற்றாக இருக்கும் வாய்ப்பும் ஏறுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பரிசோதனைக்குத் தனித் திரை, ஒரு பெண் பணியாளர், பத்து நிமிடம். உட்காரவைத்து ஒருமுறை, படுக்கவைத்துக் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி ஒருமுறை. மூன்று விரல்களின் நுனிச் சதையால் மேலோட்டமாக, சற்று அழுத்தி, விலா எலும்பு வரை அழுத்தி என மூன்று நிலையில் தடவ வேண்டும். பாப்பில்லரி வகை பெரும்பாலும் முலைக்காம்புக்குப் பின்னாலோ அதை ஒட்டியோ வரும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடமும் அதுதான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தைக் கடிகார முள் போகும் வழியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். எந்த மணியில் அழுத்தும்போது துளி எட்டிப்பார்க்கிறதோ, அதைக் குறித்துவையுங்கள். அறுவை செய்பவருக்கு அது பெரிய உதவி. துளியைக் கண்ணாடி ஸ்லைடில் தொட்டு எடுத்து அனுப்பலாம். அதில் “புற்றுச்செல் இல்லை” என்று வந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். செல்களே உதிராமல் இருந்தாலும் அப்படித்தான் வரும்.

அடுத்தது ஸ்கேன். இதில்தான் அதிகம் பிழை நேர்கிறது, அதிகம் திருத்தவும் முடிகிறது. வயிற்று ஸ்கேனுக்கு வைத்திருக்கும் வளைந்த புரோபால் மார்பைப் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் அளவில், குறைந்தது 7.5 மெகாஹெர்ட்ஸ், நேர்கோட்டு (லீனியர்) புரோப் வேண்டும். தைராய்டுக்கு வைத்திருப்பதே போதும். சாதாரண நீர்க்கட்டி என்று எழுத நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும்: உள்ளே முழுக் கறுப்பு, கண்ணுக்கே தெரியாத மெல்லிய சுவர், ஒழுங்கான உருண்டை வடிவம், பின்னால் வெளிச்சம். பின்னால் வெளிச்சம் தெரிவதை மட்டும் வைத்து நீர் என்று முடிவுகட்டுவது பழைய பிழை. பாப்பில்லரி, மியூசினஸ் வகைகளுக்கும் பின்னால் அப்படியே வெளிச்சம் விழும்.

சுவரில் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அது உறைந்த ரத்தமா, வளர்ந்த சதையா என்று பிரிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி பார்ப்பது: உறைவும் கசடும் இடம் மாறும், சதை மாறாது. சுவரில் ஒட்டிய உறைவு சில நேரம் மாறாமல் ஏமாற்றும். அதற்குத்தான் இரண்டாவது வழியான, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். செல்கொத்தின் காம்பு வழியாக உள்ளே போகும் ரத்த ஓட்டம் தெரிந்தால் சதை என்பது உறுதி. டாப்ளர் போடும்போது புரோபை அழுத்திப் பிடிக்காதீர்கள். இந்த நாளங்கள் மிக மெல்லியவை. கையின் எடையே ஓட்டத்தை நிறுத்திவிடும், ரிப்போர்ட்டில் “ரத்த ஓட்டம் இல்லை” என்று வந்துவிடும். அப்படியே ஓட்டம் தெரியாவிட்டாலும், சதையும் நீரும் கலந்த கட்டி என்றால் பை-ராட்ஸ் 4, அதாவது பயாப்சி செய்ய வேண்டிய சந்தேகத் தரம். “ஆறு மாதம் கழித்து வரவும்” என்பது அதற்கான பதிலே அல்ல.

மேமோகிராமும் எடுக்க வேண்டும், இரண்டு மார்புக்கும், இரண்டிரண்டு கோணத்தில். வயதானவருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வயதானவருக்குத்தான் அது தெளிவாகத் தெரியும். பால்சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு மிகுந்துவிடுவதால் பின்னணி கறுத்து, கட்டி வெளுத்து நிற்கும். ஆனால் ஓரம் சீராக, உருண்டையாகத்தான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். தோள்மூட்டு இறுகியவர்கள், கூன் விழுந்தவர்கள் சாய்கோணப் படத்துக்கு நிற்கச் சிரமப்படுவார்கள். அவர்களுக்கு நேரம் கொடுங்கள். வரும் நாளன்று மார்பிலும் அக்குளிலும் பவுடர் போடாமல் வரச் சொல்லுங்கள். படத்தில் அது சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும்.

இனி ஊசி விஷயம். இதை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஸ்கேன் பார்க்குமுன் நீரை இழுக்காதீர்கள். இழுத்தால் கட்டி சுருங்கி, சதைப் பகுதி எங்கே இருந்தது என்றே தெரியாமல் போகும். பிறகு வருகிற ஸ்கேன் மருத்துவருக்குத் தேட எதுவும் மிஞ்சாது. ஏற்கெனவே இழுத்தாயிற்று என்றால், நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம், பச்சை, சாம்பல் என்றால் பொதுவாகக் கவலை இல்லை. ரத்தச் சிவப்போ காப்பிப் பழுப்போ என்றால் ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது. நீர் முழுவதையும் சுத்தமான மூடிபோட்ட குப்பியில் ஊற்றி அனுப்புங்கள். சிரிஞ்சோடு அனுப்புவது வேண்டாம், கசியும், கையில் குத்தும். அன்றே அனுப்ப முடியாவிட்டால் 4 டிகிரியில் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் அதைச் சுழற்றி, அடியில் தங்குவதிலிருந்து ஸ்மியரும் (ஸ்லைடில் தடவிய பூச்சு) செல் பிளாக்கும் (செல்களை மெழுகில் பதித்தது) செய்ய வேண்டும். இரண்டு ஸ்லைடு உடனே 95 சதவீத ஆல்கஹாலில், இரண்டு காற்றில் உலரவைத்து. நீர் எடுத்த பிறகு அதே இடத்தைத் தடவி, எஞ்சிய கட்டி உண்டா என்று பார்த்து எழுதுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறு ஸ்கேன். திரும்ப நிரம்பியிருந்தால் இரண்டாவது முறை நீர் இழுக்க வேண்டாம், தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுக்கும் கோர் பயாப்சிக்கு நேராகப் போங்கள்.

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. போதாதா என்று கேட்பார்கள். விரைவு, மலிவு, வெளிநோயாளி மேசையிலேயே முடியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாப்பில்லரி கட்டிகளில் அது பாதி பதில்தான் தரும். தீங்கற்ற பாப்பிலோமாவா, புற்றா என்பதைச் செல்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. செல்கள் எந்த அமைப்பில் அடுக்கியிருந்தன என்பது தெரிய வேண்டும். நீரில் செல்லே இல்லாமல் ரத்தம் மட்டும் வந்து “தீங்கற்றது” என்று ரிப்போர்ட் ஆவதும் உண்டு. மியூசினஸ் வகையில் மட்டும், கூழும் மிதக்கும் செல்கூட்டமும் சேர்ந்து வந்தால் எஃப்.என்.ஏ.சி. நல்ல துப்புக் கொடுக்கும்.

ஆகவே கோர் பயாப்சி, ஸ்கேன் துணையோடு, 14 கேஜ் ஊசியால், சதைப் பகுதியிலிருந்து. நீர்ப் பகுதியில் குத்தினால் கட்டி வற்றிவிடும், கையில் ஒன்றும் வராது. மரப்பு மருந்தான லிக்னோகெயின் போட்டு, 11-ஆம் எண் பிளேடால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறி, நான்கிலிருந்து ஆறு துண்டுகள். அவற்றில் ஒன்றிரண்டு சதையும் சுற்றுறையும் சேரும் ஓரத்திலிருந்து இருக்கட்டும். புற்று உறையைத் தாண்டியிருந்தால் அது அங்கேதான் தெரியும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் உலோகக் கிளிப் வைப்பது நல்லது. கிளிப் இல்லை என்பதற்காகப் பரிசோதனையை நிறுத்த வேண்டாம்: எத்தனை மணி நிலை, காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், தோலிலிருந்து எத்தனை ஆழம் என்று மூன்றையும் எழுதி, தோலில் மைக்குறி போட்டுப் படமும் சேமித்தால் போதும். இந்தக் கட்டிகள் ரத்தம் மிகுந்தவை. பயாப்சிக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. வருபவர்கள் முதியவர்கள் என்பதால் இதய மாத்திரைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பிரினுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தம் இளக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் அவராக நிறுத்திவிட்டு வரும்படி வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பக் கூடாது.

எடுத்த துண்டு கெட்டுப்போனால் எல்லா உழைப்பும் வீண். அது கெடுவது பெரும்பாலும் குப்பியில்தான். சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போடக் கூடாது. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் வேண்டும்: கடையில் வரும் ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். சதையைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். அகன்ற வாய்க் குப்பி. பெயர், வயது, எந்தப் பக்கம், எத்தனை மணி நிலை என்பதைக் குப்பியின் உடலில் ஒட்டுங்கள். மூடியில் எழுதினால் மூடிகள் மாறும்போது ஆளே மாறிவிடுவார். துண்டு ஃபார்மலினில் இருக்க வேண்டிய நேரம் ஆறு மணியிலிருந்து 72 மணி வரை. அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை தவறிப்போகலாம். சனிக்கிழமை மாலை எடுத்ததைத் திங்கள் காலை எடுத்துவிடலாம். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பயாப்சி போட்டுவிட்டுக் குப்பியை மேசையில் விட்டுப்போவதுதான் ஆபத்து. அந்த வாரங்களில் யார் வந்து எடுப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

பரிசோதனைக்கூட நண்பர்களுக்கு: பாப்பில்லரி அமைப்பு தெரிந்தவுடன் வழக்கமான எச் அண்டு இ சாயத்தோடு நிறுத்த வேண்டாம். பாப்பிலோமாவில் செல்கொத்தின் காம்பை ஒட்டி, பால்நாளத்தின் வெளிவரிசைச் செல்களான மயோஎபிதீலியல் செல்கள் ஒரு வரிசை இருக்கும். என்காப்சுலேட்டட் வகையில் அவை காம்பிலும் இருக்காது, சுற்றுறையின் உள்ளோரத்திலும் இருக்காது. கண்ணால் மட்டும் இதைச் சொல்ல முயன்றால் இரண்டு பக்கமும் தவறுகள் நேரும். அந்தச் செல்களைக் காட்டும் சாயங்களில் பி63 ஒன்றும், அதனோடு கால்போனின் அல்லது ஸ்மூத் மசில் மயோசின் ஒன்றும் போடுங்கள். இரண்டு ஏன் என்றால், பின்னவை ரத்த நாளச் சுவரிலும் பிடிக்கும், காம்பு முழுக்க நாளம்தானே. பி63 ரத்த நாளச் சுவரில் பிடிக்காததால் அந்தக் குழப்பம் இல்லை. அதே ஸ்லைடில் பக்கத்தில் இருக்கும் இயல்பான பால்நாளத்தில் சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே “இல்லை” என்று எழுதுங்கள்.

சாலிட் பாப்பில்லரி வகையில் பொறி வேறு. செல்கள் அடர்ந்து பால்நாளத்தை நிரப்பியிருப்பதால், தீங்கற்ற மிகை வளர்ச்சி என்று எழுதிவிடுவது எளிது. சி.கே.5/6 சாயமும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சாயமும் இதைத் தீர்த்துவைக்கும்: தீங்கற்றதில் சி.கே.5/6 திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும். புற்றில் சி.கே.5/6 இருக்காது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எல்லாச் செல்லிலும் அழுத்தமாகப் பிடிக்கும். சினாப்டோபைசின் சாயமும் பல நேரம் பிடிக்கும். இந்தச் சாயங்கள் உங்கள் கூடத்தில் இல்லை என்பது குறையே அல்ல. இல்லாமலே முடிவு எழுதுவதுதான் குறை. மெழுகு பிளாக்கை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். ஸ்லைடாக அனுப்புவதானால் சார்ஜ் ஏற்றிய ஸ்லைடில் சாயமிடாத வெட்டுகளாக, வெட்டிய சில நாட்களுக்குள்.

இந்தக் கட்டிகளுக்கு அறுவை மேசையில் ஃப்ரோசன் செக்‌ஷன் கேட்காதீர்கள். உறையவைத்த வெட்டில் பாப்பிலோமாவையும் புற்றையும் பிரிப்பது நம்பத்தக்கதல்ல. அதோடு, கோர் பயாப்சி செய்த நாளையும் இடத்தையும் அறுவைத் துண்டோடு வரும் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். ஊசி போன தடத்தில் சில செல்கள் இழுபட்டுக் கிடக்கும். பயாப்சி நடந்தது தெரியாத நோய்க்குறியியல் மருத்துவர் அதை ஊடுருவிய புற்று என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

கோரில் “பாப்பில்லரி புற்று” என்று வந்தால் அதுவும் இறுதிப் பெயரல்ல. உறையைத் தாண்டியதா என்பது முழுக் கட்டியை எடுத்துப் பார்த்தபின்தான் தெரியும். எடுத்த கட்டியை ஆர்வத்தில் அறுவை அரங்கிலேயே அறுத்துப் பார்க்காமல், நீள நூல் வெளிப்பக்கம், குட்டை நூல் மேல்பக்கம் என்று அடையாளம் கட்டி, ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேருங்கள். அங்கே விளிம்புக்கு மை பூசி, துண்டாக்கி, சுற்றுறை ஓரங்களைத் தாராளமாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், பெயர் தவறினால் இரண்டு திசையிலும் அந்தப் பெண்ணுக்குத்தான் கேடு. தீங்கற்றது என்று விட்டால், ஆண்டுகள் கழித்து உறையைத் தாண்டிய நோயோடு வருவார். மறுபக்கம், சாதாரண ஊடுருவும் புற்று என்று எழுதி, நீரையும் உறையையும் சேர்த்து நான்கு சென்டிமீட்டர் என்று அளந்துவிட்டால், எழுபத்தைந்து வயதில் மார்பு முழுவதையும் எடுத்து, கீமோவும் கொடுத்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாடு தெளிவாகவே இருக்கிறது: உறையைத் தாண்டாத, குறைந்த தர என்காப்சுலேட்டட் கட்டிக்கு நோய் நிலை (ஸ்டேஜ்) குறிக்கும்போது அதை ஊடுருவாத நோயாகவே கணக்கிட வேண்டும், ஊடுருவல் இருந்தால் ஊடுருவிய பகுதியை மட்டும் அளக்க வேண்டும், உயர் தரமாக இருந்தால் ஊடுருவிய புற்றாக நடத்த வேண்டும். முதல் வகைக்குக் கட்டியைச் சுற்றி நல்ல விளிம்போடு எடுப்பதே முக்கியச் சிகிச்சை. அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவுவது அரிதாக நடந்திருப்பதால் கண்காணிப்பு தேவை. மற்றதைப் புற்றுநோய் மருத்துவக் குழு முடிவுசெய்யும்.

ஆண்களுக்கும் இது வரும் என்பதை இடையில் சொல்லிவைக்கிறோம். வயதான ஆணின் காம்புக்குப் பின்னால் நீர் நிரம்பிய கட்டி என்றால் அதே வழிதான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் கேட்பது இவை. 65 என்ற மேல்வரம்பு அறிகுறி உள்ளவருக்குப் பொருந்தாது என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை. மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் 14 கேஜ் கோர் ஊசியும், வாரம் ஒரு நாளாவது அதை ஸ்கேன் பார்த்துச் செய்யத் தெரிந்தவரும். பஃபர்டு ஃபார்மலினை மருந்துக் கிடங்குப் பட்டியலில் சேர்ப்பது. கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்; மாவட்டத்தின் தென்பகுதியினருக்குச் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரம் பெரிய தடையல்ல. ஓரிடத்தில் எடுத்த படமும் பிளாக்கும் அடுத்த இடத்துக்கு அவரோடு போகாததுதான் தடை. எல்லைக்கு அப்பால் போனதும் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்குகிறது. கூட வரும் மகனின் கூலி போகிறது. மூன்றாவது பயணத்தில் அந்தப் பெண்ணே “எனக்கு இனிமே எதுக்கு” என்று நின்றுவிடுகிறார். ஆகவே நோயாளி கேட்காமலே பிளாக்கையும் ஸ்லைடையும் ரிப்போர்ட் நகலோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்ப இரு அரசுகளும் உத்தரவிட வேண்டும். முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய்க்குப் பெயர் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. எத்தனை பேருக்கு அது நடந்தது என்று காலாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முடிவை மகனிடமோ மருமகளிடமோ மட்டும் சொல்லி, அவரை வெளியே உட்காரவைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். நோய் அவருடையது. “கட்டிக்குள்ள சின்னதா ஒரு புத்து இருக்கு, உறைக்குள்ளதான் இருக்கு, எடுத்துட்டா போதும்” என்று அவர் காதுபடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தைரியமாகவே முடிவெடுக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேலே அனுப்பும் சீட்டில் “மார்புக் கட்டி, மேல்சிகிச்சைக்கு” என்று ஒரே வரி எழுதினால் மேலே இருப்பவர்களுக்கு எதுவும் விளங்காது. எழுத வேண்டியது: வயது, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனை மணி நிலை, காம்பிலிருந்து எவ்வளவு தூரம், கட்டியின் அளவு, கறை உண்டா, எந்தத் துளை, இதற்குமுன் நீர் இழுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், எத்தனை மில்லி, என்ன நிறம், பரிசோதனைக்குப் போனதா, ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா, உடன் அனுப்பும் படம், ஸ்லைடு, பிளாக்கின் எண்கள். இந்த வரிகளை அச்சிட்ட சீட்டு ஒவ்வொரு நிலையத்தின் மேசையிலும் இருக்கச் செய்யுங்கள். மாதிரியை நாங்களே எழுதித் தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் மார்பக ஸ்கேன், நோய்க்குறியியல், அறுவைச் சிகிச்சைப் பணிகளில் இருப்போர்